இங்கிலீஷில் வந்த புருஷன்

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் போயாயிற்று. ஐப்பசி மழை விடுகிற மாதிரி இல்லை. குடையை விரிப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சிரஸ்தார் அண்ணாச்சி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மைதானத்துத் தண்ணீரில் சளப் சளப் என்று நடந்து வந்தார்.

தென்காசிக் கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் சிரஸ்தார் என்ற பட்டம் போகவில்லை. குற்றாலத்தில் சொந்த வீடு. என் அப்பாவுக்குச் சிநேகிதர். அன்றைக்குச் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"எம்மா கோமதி, ஒன் மாணவிக்குப் புருஷன் உயிரோட இருக்கான், கேட்டியா?"

"யாரு சொன்னா அண்ணாச்சி?"

"அவளேதான் சொல்லுதா. இங்கிலீஷ்ல சொல்லுதா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது அபாண்டம் என்பதால் அல்ல. அதே சந்தேகம் எனக்கும் ஒரு வாரமாக இருந்தது.

எங்கள் வீட்டுச் சொத்து

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நீங்கள் ஏன் அம்மா எல்லாரையும் சந்தேகப்படுகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் நிலம் இருந்தது, போயிற்று. நகை இருந்தது, போயிற்று. சந்தேகம் மட்டும் குறையாமல் என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

அப்பா பாலில் ஒரு சொட்டை எடுத்து நகத்தின் மேல் வைத்து, அது நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் செம்பை உள்ளே விடுவார். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்றைக்கு முழுக்க அந்த ஆளை நினைத்துக்கொண்டிருப்பார். அண்ணன் அதற்கு மேல். அவனுக்கு ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறவன் எல்லாம் சி.ஐ.டி. இந்த வீட்டில் வளர்ந்தவள் நான். நான் வேறு எப்படி இருப்பேன்?

ஆக, அந்த மாணவி சௌந்தரத்தைச் சந்தேகப்பட்டதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. பார்த்தால் நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சீசன் முடிந்தும் போகாதவள்

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. தென்காசிக் கோபுரம் பிளந்து மொட்டையாக நின்ற காலம்.

அந்த வருஷம் ஆடிச் சாரலுக்குக் காரைக்காலிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்து குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை அருவியில் குளிப்பாட்டுவதற்காக வந்தார்கள். அவருக்குத் துணை நர்ஸாக வந்தவள்தான் சௌந்தரம். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, நெற்றியில் பொட்டு கிடையாது. காரைக்காலில் பிறந்தவள். சின்ன வயதிலேயே அப்பா சைகோனுக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு. சண்டை வந்து பிரெஞ்சுக்காரன் அங்கிருந்தும் மூட்டை கட்டியபோது இவளும் கப்பல் ஏறியிருக்கிறாள். அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. "வீட்டுக்காரர் சைகோன்லயே தவறிட்டார்" என்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஆவணி கடைசியில் சாரல் நின்றது. கடைகளைப் பிரித்தார்கள். பழ வண்டிகள் போயின. காரைக்கால் குடும்பமும் போயிற்று. சௌந்தரம் மட்டும் போகவில்லை. சிரஸ்தார் அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டாள்.

சீசன் முடிந்த குற்றாலத்தில் ஒரு பொம்பளை தனியாக எதற்குத் தங்குகிறாள்? ஊருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

அண்ணாச்சியின் மனைவி சிவகாமி மைனிதான் முதலில் ஆரம்பித்தாள். "மங்குஸ்தான் பழத்தை நம்மூர்க்காரி மாதிரி உள்ளங்கையில வச்சு அமுக்கித் தொறக்கா. காரைக்கால்ல ஏது மங்குஸ்தான்?" சைகோனில் அந்தப் பழம் தெருத்தெருவாக விற்கும் என்று சௌந்தரம் சொன்னது மைனிக்குப் போதவில்லை. இன்னொரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வீட்டுக்காரருக்குத் திதி எந்த மாசம்னு கேட்டேன். முழிச்சா பாரு! நவம்பர்ங்கா. நவம்பர்ல திதி குடுப்பாகளா? வளர்பிறையா தேய்பிறையான்னு கேட்டேன். அதுவும் தெரியல. புருஷன் செத்த திதி தெரியாம ஒரு பொம்பளை இருப்பாளாட்டி?"

என் அண்ணனுக்கு வேறு கவலை. "பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன ஆளு. நீ இங்கிலீஷ் சொல்லிக்குடுத்து அவ அதை எங்கன கொண்டுபோய் என்ன எழுதப் போறாளோ? நாளைக்குப் போலீஸ்காரன் நம்ம வீட்டு வாசல்லதான் நிப்பான்."

டாக்டரம்மா போட்ட நிபந்தனை

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும்படி என்னிடம் கேட்டது எங்கள் டாக்டரம்மா. தென்காசியில் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மலையாளத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கோபக்காரர். என் அண்ணிக்கு இரண்டு பிரசவமும் அவர் கையில்தான்.

"கோமதீ, நான் பரீட்சை வச்சு நோக்கி. கைவேலை ஃபஸ்ட் கிளாஸ். பட்சே இங்கிலீஷ் இல்லா. என்ட தமிழும் அவளோட தமிழும் சேந்தா பேஷண்ட் செத்துப்போகும்" என்றார்.

அங்கே காலையும் மாலையும் நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாக நின்று டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் சொல்லவேண்டும். நேற்றைவிடத் தேவலையா, மோசமா, காய்ச்சல் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. இருந்த நர்ஸ் கார்த்திகையில் விலகுகிறாள். அதற்குள் சௌந்தரம் இங்கிலீஷில் ரிப்போர்ட் சொல்லப் பழகினால் வேலையும் உண்டு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே தங்க அறையும் உண்டு. கூடவே ஊரில் ஒரு பெரிய மனிதர் "நல்ல நடத்தை உள்ளவள்" என்று வாய்ச்சொல் தரவேண்டும். பிரசவத்துக்கு வருகிற குடும்பங்கள் அதைக் கேட்பார்கள். பெரிய மனிதர் என்றால் சிரஸ்தார் அண்ணாச்சிதான், வேறு யார்?

"கிடைக்கலேன்னா என்ன பண்ணுவீய?" என்று முதல் நாளே சௌந்தரத்திடம் கேட்டேன். நான் அப்படித்தான், எதையும் மூடி வைத்துக் கேட்கத் தெரியாது.

அவளும் மூடாமல்தான் சொன்னாள். "காரைக்கால் வீட்டுக்கே திரும்பிப் போகணும் டீச்சர். பெரியவருக்கு நான் நர்ஸ். அவர் மகனுக்கு நான் என்னன்னு அந்த வீட்டு வேலைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். கார்த்திகை பொறந்ததும் காரோட வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கான். நான் அங்க போகமாட்டேன். அருவியில விழுந்தாலும் விழுவேன், அங்க போகமாட்டேன்."

அந்தப் பேச்சை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

சிவப்பும் மூன்றா?

சனி, ஞாயிறு குற்றாலம் பஸ். பின்கட்டு அறையில் பாடம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் சாய்வு நாற்காலி. அதை அப்போது நான் கவனித்தேனே தவிர, அந்தக் காதுகளைப் பற்றி யோசிக்கவில்லை.

சௌந்தரம் தமிழச்சிதான். ஆனால் எழுத்து, படிப்பு, கணக்கு எல்லாம் பிரெஞ்சு. ஆகவே இங்கிலீஷுக்கு அவள் பிரெஞ்சு வழியாகத்தான் போனாள். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சிவகிரி வழியாகப் போகிற மாதிரி ஒரு சுற்று.

"சாரி ஒயிட்" என்பாள். "ஏன் சௌந்தரம், தமிழ்ல எப்படிச் சொல்லுதீய? வெள்ளைச் சேலை. அதே மாதிரி ஒயிட்டை முன்னால போடுங்க" என்றால், "வாய் போகமாட்டேங்குது டீச்சர்" என்பாள். செவ்வாழைப் பழம் மூன்றை வைத்துக் கேட்டேன். "பனானாஸ் ரெட்ஸ்" என்றாள். பழம் மூன்று, சரி, சிவப்பும் மூன்றா? பிரெஞ்சில் அப்படித்தானாம். பழம் பலவானால் சிவப்பும் பலவாகிவிடுமாம்.

ஹிஸ், ஹெர் விவகாரம் அதைவிட மோசம். பிரெஞ்சில் வீடு பெண்பால், கத்தி ஆண்பால். 'உடைய' என்ற சொல் அந்த வீட்டுக்கும் கத்திக்கும் தக்கபடி மாறுமாம். சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்று அதற்கு அக்கறை இல்லையாம். ஒரு பொருள் யாருடையது என்பதை மறைக்கிற பாஷையை எப்படி ஐயா நம்புவது? எனக்கு அந்தப் பாஷை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் சிவகாமி மைனியின் தண்ணீர்க் குடம், அண்ணாச்சியின் மூக்குக் கண்ணாடி என்று வீட்டுச் சாமான்களைக் காட்டிக் காட்டி அதை ஒருவாறு தாண்டினோம்.

ஒப்பிட்டுச் சொல்வதற்குக் குற்றாலத்தைவிட நல்ல இடம் ஏது? சிற்றருவி பேரருவியைவிடச் சின்னது. செண்பகாதேவி அருவி இரண்டையும்விட உயரத்தில் இருக்கிறது. குரங்கு மனிதனைவிட வேகமானது. முதலில் எல்லாவற்றுக்கும் "மோர், மோர்" என்று முன்னால் ஒட்டினாள். "மோர் ஸ்மால், மோர் ஃபாஸ்ட்." குட், பெட்டர் வந்தபோது மட்டும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். "நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்க பிரெஞ்சும் இப்படித்தான் டீச்சர், ஆளே மாறிடும்" என்று சிரித்தாள்.

பொய் சொல்லுங்க

அருவியும் குரங்கும் ஆஸ்பத்திரிக்கு உதவாது. மனிதரைப் பற்றிச் சொல்லிப் பழகவேண்டும். "ஒங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். இரண்டு வாக்கியம் சொன்னாள், மூன்றாவதில் அழுதுவிட்டாள். அழுகை வந்தால் இங்கிலீஷ் ஓடிப்போய்விடுகிறது. அப்பாவைப் பற்றிக் கேட்டாலும் அதே கதை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "நிசத்தைச் சொல்லவேண்டாம் சௌந்தரம். பொய் சொல்லுங்க. இல்லாத ஆள் ஒருத்தரை வச்சுக்கிடுங்க. அவரு நெட்டையா குட்டையா, இன்னைக்கு எப்படி இருக்காரு, நேத்து எப்படி இருந்தாரு, எல்லாத்தையும் இட்டுக்கட்டுங்க. இட்டுக்கட்டின ஆளுக்காக யாரும் அழமாட்டாக."

"யாரை வெச்சுக்கறது?"

"யாரையாவது. புருஷன்னு வச்சுக்கிடுங்களேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெள்ளைச் சேலைக்காரியிடம் சொல்லுகிற பேச்சா இது? ஆனால் சௌந்தரம் முகம் சுளிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். "சரி டீச்சர், புருஷன்" என்றாள். உடனே ஆரம்பித்துவிட்டாள்.

என்ன சரளம்! என் கணவர் உயரமானவர். என்னைவிட வயதில் மூத்தவர். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களைவிடக் குட்டை, பாதிதான் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பிதான் பிடிக்கும். காலையைவிடச் சாயங்காலம் பலவீனமாக இருக்கிறார். அவருடைய வலது கால் இடது காலைவிடச் சில்லென்று இருக்கிறது. எல்லாம் இங்கிலீஷில், ஹிஸ்ஸும் ஹிம்மும் இடம் மாறாமல் வந்தன. இந்த வீட்டில் இருப்பவர்களிலேயே அவர்தான் ரொம்ப அமைதியானவர் என்று ஒருநாள் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த வீட்டிலா?

ஒரு வாத்தியாராக எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் அப்பாவின் மகளாகிவிட்டேன். பொய்யான புருஷனுக்கு மீசை வைக்கலாம், குடை கொடுக்கலாம். பாதிச் சுண்டுவிரலை யார் யோசிப்பார்கள்? இந்த ஆளை அவள் பார்த்திருக்கிறாள், தொட்டும் இருக்கிறாள். அப்படியானால் திதி ஏன் தெரியவில்லை? செத்திருந்தால்தானே திதி!

வராந்தாவில்

இந்த இடத்தில்தான் மழையில் சிரஸ்தார் அண்ணாச்சி வந்து நின்றார்.

"அது பாடம் அண்ணாச்சி. பொய் சொல்லிப் பழகச் சொன்னதே நான்தான்."

"பாடமா? கோர்ட்டுல நான் பாக்காத சாட்சியாம்மா? கட்டிச் சொல்லுதவன் பேச்சு வழவழன்னு ஒரே சீரா வரும். நிசம் சொல்லுதவன்தான் தேவையில்லாததையெல்லாம் சொல்லுவான். சுண்டுவிரல் பாதிங்கா. அந்தச் சுண்டுவிரலுக்கு அங்கன என்ன வேலை? சொல்லு பாப்போம்."

நான் பஸ்ஸில் நினைத்ததை இவர் வராந்தாவில் சொல்கிறார்.

"புருஷனை விட்டுட்டு ஓடி வந்தவளுக்கு நான் நல்ல நடத்தைன்னு வாய்ச்சொல் குடுக்கமுடியாது. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட நேர்ல சொல்லிருதேன். மறைச்சு வைக்கது எனக்குப் பழக்கம் இல்ல. நீயும் வா, அவளும் வரட்டும். அவ முன்னாலயேதான் சொல்லப்போறேன்."

அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்லமாட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிற ஆள் இல்லை. கார்த்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

டாக்டரம்மா அறையில்

மறுநாள் சனிக்கிழமை. டாக்டரம்மாவின் அறையில் டெட்டால் வாசனை. பக்கத்து அறையில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சிரஸ்தார் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். மைனிக்கு முழங்கால் வலி என்று அவளையும் கூட்டி வந்திருந்தார், அவள் சுவரோரம் பெஞ்சில் இருந்தாள். நானும் சௌந்தரமும் நின்றோம்.

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கேட்ட வாக்கியங்களை இங்கிலீஷிலேயே ஒவ்வொன்றாக ஒப்பித்தார். நல்ல ஞாபகசக்தி மனுஷருக்கு. சாயங்காலம் பலவீனம், சுண்டுவிரல், காப்பி, சில்லென்ற வலது கால், ஒன்றையும் விடவில்லை. சௌந்தரத்தின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

டாக்டரம்மா முதலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு பேனாவை வைத்தார்.

"வலது கால் தணுப்பு எத்தன நாளா?" என்று சௌந்தரத்தைக் கேட்டார்.

சௌந்தரம் தன்னை அறியாமலே பதில் சொன்னாள். "ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து டாக்டர்."

"சாயங்காலம் காய்ச்சல் உண்டோ?"

"அது வேற ஆள் டாக்டர். அவர் வாத்தியார், நெஞ்சு நோவு. சுண்டுவிரல் இல்லாதவர் கப்பல்காரர். காப்பி கேட்டவர் துறைமுகத்துக் கணக்கர்."

டாக்டரம்மா அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "சிரஸ்தாரே, இது புருஷனல்ல. இது வார்டு."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாள் அவள் இட்டுக்கட்டின புருஷன், சைகோன் ஆஸ்பத்திரியில் அவள் கையால் பார்த்த நோயாளிகள் எல்லாரும் சேர்ந்த ஆள்! மற்றக் கட்டில்காரர்களையெல்லாம் விட அமைதியாகக் கிடந்த ஒருவரும் அதில் அடக்கம். நான் என் சந்தேகத்தை மூட்டை கட்டத் தயாரானேன்.

சிரஸ்தார் அண்ணாச்சி கட்டவில்லை. கோர்ட்டுப் பழக்கம் விடுமா? நிதானமாக ஒரு கேள்வி போட்டார்.

"சரி. புருஷன்னு வச்சுக்கிடச் சொன்னா, செத்துப்போன சொந்தப் புருஷன் ஞாபகம்லா முதல்ல வரணும்? அவனைப் பத்தி ஒரு சொல்லுகூட ஏன் வரல? கப்பல்காரன் வாரான், கணக்கன் வாரான், கட்டினவன் எங்க? திதியும் தெரியலங்கா இவ. அவன் எப்படி இருந்தான்னு இப்பச் சொல்லச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும், நான் வாய்ச்சொல் குடுத்துருதேன்."

அந்த அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் ஒரு பொய் சொன்னால் போதும். நெட்டை, கறுப்பு, நல்லவர் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நானே சில வாரமாகப் பழக்கியிருந்தேன். சொல்லிவிடு தாயே, சொல்லித் தொலை என்று என் மனசு அடித்துக்கொண்டது.

சௌந்தரம் தமிழில்தான் பேசினாள்.

"புருஷன் இல்லீங்க."

"இல்லன்னா? செத்தானா, இருக்கானா?"

"செத்தவரும் இல்லீங்க, இருக்கிறவரும் இல்லீங்க. எனக்குக் கல்யாணமே ஆகலை."

பெஞ்சில் மைனி "முருகா" என்றது கேட்டது.

அவள் நிறுத்தவில்லை. "கப்பல்ல தனியா வந்தேன். வீட்டுக்காரர் எங்கன்னு பாக்கறவங்க எல்லாம் கேட்டாங்க. ஆகலைன்னு சொன்னா, ஏன் ஆகலைன்னு கேட்டாங்க. அப்புறம் ஒருத்தன் ராவெல்லாம் கதவைத் தட்டினான். கப்பல்ல வந்த ஒரு அம்மாதான் இந்த வெள்ளைச் சேலையைக் குடுத்து, தவறிட்டார்னு சொல்லிடும்மா, வாயை மூடிக்குவாங்கன்னாங்க. அன்னைக்குக் கட்டினேன். மூடிக்கிட்டாங்க. காரைக்கால்லயும் அதையே சொன்னேன். இங்கயும் சொன்னேன். நான் யாரையும் கெடுக்கலைங்க."

சிரஸ்தார் அண்ணாச்சி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புருஷன் இருந்தால் ஒரு வகை, செத்திருந்தால் ஒரு வகை. இதற்கு அவரிடம் வகை இல்லை. "பொய்க்கு நான் வாய்ச்சொல் குடுக்கமுடியாது டாக்டரம்மா" என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "கலியாணம் ஆகாதவ நானுந்தான் அண்ணாச்சி! எனக்கு அண்ணன் வீட்டு வாசல் இருக்கு, அதனால நீங்க கேக்கல. அவளுக்கு வாசல் இல்ல, ஒரு சேலையை வாசலா வச்சுக்கிட்டா. அதுல ஒங்களுக்கு என்ன நட்டம்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்திவிட்டது.

டாக்டரம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சௌந்தரத்திடம், "போயி கடைசிக் கட்டிலைப் பாத்துட்டு வந்து ரிப்போர்ட் பற, சொல்லு" என்றார்.

போனாள். திரும்பி வந்து நின்று இங்கிலீஷில் சொன்னாள். காலையைவிடக் காய்ச்சல் கூடுதல். நாடி வேகமாக இருக்கிறது. தாய் தேவலை என்கிறாள், ஆனால் தேவலை இல்லை, நேற்றைவிட மோசம். நடுவில் ஓரிடத்தில் பழைய 'மோர்' ஒன்று தலைகாட்டியது. டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுந்து போய்த் தானே பார்த்துவிட்டு வந்தார்.

"சரியாணு" என்றார். "சிரஸ்தாரே, புருஷன் காரியத்துல இவள் என்ன பொய் வேணுமெங்கிலும் பறையட்டே. காய்ச்சல் காரியத்துல சத்யம் பறயுது. எனிக்கு அது மதி, அது போதும். இன்னைக்கே பெட்டியை எடுத்துட்டு வரட்டும். நடத்தைக்கு நான் ஜவாப்."

கார்த்திகையில் காரைக்கால் கார் வரத்தான் செய்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டாக்டரம்மா இறங்கிப் போய், பிரசவ ஆஸ்பத்திரியில் உங்களுக்கு என்ன கேடு என்று தெருவே கேட்கிற மாதிரி விசாரித்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில்

நான் சொல்ல நினைத்தது அந்தக் காரைப் பற்றி இல்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தைப் பற்றி.

சௌந்தரம் பெட்டியை எடுத்து வரக் குற்றாலம் போகவேண்டும். அண்ணாச்சியும் மைனியும் அதே பஸ்தான். நான் வழியனுப்பப் போனேன். மழை விட்டு ஊரெல்லாம் சேறு. அண்ணாச்சி எங்களோடு நிற்காமல் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மைனி என்னைக் கவனிக்கவே இல்லை. சௌந்தரத்தின் பக்கத்தில் போய் நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேவு பார்த்தவள் ஆயிற்றே.

"நெசமாவே ஆகலையா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"இல்லீங்க."

"ஒருத்தருக்கும் சமைச்சுப் போடாமயா இருந்தீய?"

"எனக்குச் சமைச்சுக்குவேன்."

மைனி அண்ணாச்சி நின்ற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரலை இன்னும் தணித்தாள். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீய?"

சௌந்தரத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. "டியூட்டி இல்லாத நாள்லயா? தூக்கம் வந்தா படுத்துக்குவேன்."

"தூக்கம் வந்தா?"

"ஆமா."

மைனி பதினாலு வயதில் கல்யாணமாகி வந்தவள். புருஷன் படுத்த பிறகு படுத்து, அவர் எழுமுன் எழுந்து, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. அண்ணாச்சி முதல் ஆளாக ஏறி, படியில் நின்று கூப்பிட்டார். "ஏட்டி, ஏறு! இடம் போயிரும்."

மைனி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நீங்க போங்க," என்றாள். "நான் இவளோட அடுத்த வண்டியில வாரேன்."